குடம்பி இல்லாத வளவு

குறிஞ்சிப்பிட்டியில் நிஸ்மியா டீச்சரைப் பற்றிக் கேட்டால், டெங்கை ஒழிக்கவென்றே பிறந்தவள் என்பார்கள். வலயக் கல்விப் பணிமனைகூடப் பாராட்டிக் கடிதம் அனுப்பியிருக்கிறது. சேவை மனப்பான்மையாம். சேவையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவள் செய்தது முழுக்க முழுக்கப் பழிக்காக.

மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்ட வருடம் கரைத்தீவு முகாமின் ஓலைக் கொட்டிலில் பிறந்தவள் அவள். முட்டி மோதிப் படித்து, சுகாதாரப் பாட ஆசிரியையாக இந்த ஊருக்கு வந்தாள். தங்கை றிஸானாவும் இங்கேயே வாழ்க்கைப்பட்டாள். றிஸானாவின் ஒரே மகள் பஹ்மா, பெரியம்மாவின் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்தாள். ஒரு மாரி மழைக்கு டெங்கு வந்து, நான்கே நாளில் போய்விட்டாள்.

பள்ளிக்கூட மதிலுக்கு அந்தப் பக்கம் அத்தாஉல்லா ஹாஜியாரின் படகு வாடி. பழுதான ஃபைபர் படகுகள் அங்கே மல்லாந்து கிடந்து மழைத் தண்ணீர் பிடித்தன. பிள்ளை சாவதற்கு மூன்று வாரம் முன்பே நிஸ்மியா பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, வாடியைச் சோதிக்க வேண்டும் என்று கேட்டாள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளரே ஹாஜியார்தான். மைக்கை வாங்கினார்.

"எங்கட வாப்பா காலத்துலயிருந்து படகு இஞ்சதான் கிடக்குது. காய்ச்சலும் மவுத்தும் அல்லாஹ்ட நாட்டம். நேத்து வந்தவங்க எங்களுக்குச் சுத்தம் படிப்பிக்கத் தேவல்ல."

கூட்டம் சிரித்தது. பிறகு பஹ்மாவின் சந்தூக்கை அவரும் தோள் கொடுத்துத் தூக்கினாராம். அதைக் கேட்ட அன்றுதான் நிஸ்மியா கறுவிக்கொண்டாள்.

ஆசிரியர்களுக்கென்று டெங்குக் கைநூல் வருவதுண்டு. வந்ததும் அலுமாரியில் வைத்துப் பூட்டுவது முதல் வேலை, சாவியைத் தொலைப்பது அடுத்த வேலை. நிஸ்மியா அதை வரி விடாமல் படித்தாள். வெள்ளைக் கோப்பையில் நுளம்புக் குடம்பிகளை, அதாவது கொசுப் புழுக்களை விட்டு, அவை நெளிவதைப் பிள்ளைகளுக்குக் காட்டினாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிரட்டை, பூச்சட்டி, பிரிஜ்ஜின் பின்தட்டு என்று வீட்டைத் துழாவி வாராவாரம் படிவம் நிரப்பினார்கள். ஊர் சுத்தமானது. ஊர் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அடுத்த மாரியில் அந்த வாடிக்குள் பரிசோதகரோடு நுழைய வேண்டும். ஒரு குடம்பி அகப்பட்டாலே வழக்குத்தான். நீதிமன்றக் கூண்டில் ஹாஜியார் நிற்பதை றிஸானா பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த நாளும் வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஹிஷாமோடும் எட்டாம் வகுப்போடும் அவள் வாடிக்குள் போனாள். படகெல்லாம் கவிழ்த்துக் கிடந்தன. ஒரு சிரட்டைகூட இல்லை. ஹாஜியாரின் பேத்தி முஃப்லிஹாவும் எட்டாம் வகுப்புத்தான். வாராவாரம் படிவத்தை நீட்டி அவரைப் பிடுங்கியெடுத்திருக்கிறாள். நிஸ்மியா ஒவ்வொரு படகின் அடியிலும் குனிந்து தேடினாள். பஹ்மாவைக் கொன்ற இடத்தில் ஒரு குடம்பி இல்லையே என்று ஆத்திரப்படும் நிலைக்கு வந்துவிட்டோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கம் நீடிக்கவில்லை.

பாடத்துக்கு வளர்த்த குடம்பிகள் கைப்பையில் ஒரு போத்தலில் இருந்தன. ஹிஷாமும் பிள்ளைகளும் பின்பக்கம் போனதும், மீன் கழுவத் தண்ணீர் வைத்திருந்த ஒரு பெட்டியருகே போய்ப் போத்தலின் மூடியைத் திறந்தாள்.

"ஊத்துங்க டீச்சர்."

பின்னால் ஹாஜியார் நின்றார்.

"ஊத்துங்க. நான் ஒண்டும் சொல்ல மாட்டன். கோட்டுக்கும் போறன். அந்தப் புள்ளட விசயத்துல பிழை என்னிலதான். எனக்கு மாப்புத் தாங்க."

"பிழையெண்டா கூட்டத்துல சொல்லுங்க. அண்டைக்கு மைக்ல சொன்ன மாதிரி."

அவர் நிலத்தைப் பார்த்தார். "அது மட்டும் ஏலா டீச்சர். நாலு சனத்துக்கு முன்னால எனக்கு மரியாத எண்டு ஒண்டு இருக்கு."

நிஸ்மியா போத்தலை இறுக்கி மூடினாள். கூண்டுக்குப் பயப்படாத மனிதர் எதற்குப் பயப்படுகிறார் என்று இப்போது தெரிந்துவிட்டது.

ஹிஷாம் திரும்பி வந்தார். "ஏதும் இருந்திச்சா டீச்சர்?"

"ஒண்டுமில்ல சேர். ஊரிலயே சுத்தமான வளவு இதுதான்," என்று படிவத்தில் கையெழுத்து வைத்தாள். "முன்மாதிரி வளவுக்குச் சான்றிதழ் குடுக்கச் சொல்லிக் கைநூல்ல இருக்கு. வாற செவ்வாய்க்கிழம பெற்றோர் கூட்டம். நீங்களே வந்து குடுங்க. போன மாரிக்கு இந்தப் படகெல்லாம் எப்படிக் கிடந்திச்சு, ஏன் இப்ப கவுத்து வெச்சம் எண்டு ஹாஜியார் மைக்ல விளங்கப்படுத்துவார்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். முஃப்லிஹா ஓடிவந்து, வாப்பப்பாவுக்குப் பரிசு என்று அவர் கையைப் பிடித்துக் குதித்தாள். ஹாஜியார் மறுக்கப் போனார். பேத்தியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"றிஸானாவையும் கூட்டிட்டு வாறன் ஹாஜியார்," என்றாள் நிஸ்மியா, அவருக்கு மட்டும் கேட்கும்படி. "அவக்கும் விளங்குற மாதிரிச் சொல்லுங்க."