காத்தோங்கில் பேசத் தொடங்கிய பழைய மடிக்கணினி

சிங்கப்பூருக்குப் போய்விட்டு வந்து, கடற்கரைப் படமோ பூங்காப் படமோ போடாமல் ஒரு கிழட்டு மடிக்கணினியின் படத்தைப் போட்டேன் என்று நிறைய பேர் கேலி செய்துவிட்டீர்கள். அதற்குப் பதில் இந்தக் கட்டுரை. போன மாதம் அலுவலக வேலையாகப் போயிருந்தேன். வேலை வெள்ளியோடு முடிந்தது, திருச்சிக்கு விமானம் ஞாயிறுதான். புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் என் அண்ணன், தன் வீட்டு அலமாரியில் பல வருடமாகத் தூங்கிய ஒரு மடிக்கணினியைத் தூக்கிப் போடப் போவதாகச் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

தெம்பனிஸில் நசீர் என்றொரு நண்பர் இருக்கிறார். லினக்ஸ் குழு ஒன்றில் பல வருடமாக எழுத்தில் மட்டுமே பழக்கம். அவரும் சில நண்பர்களும் சனிக்கிழமைகளில் பழைய கணினிகளில் எடை குறைந்த லினக்ஸைப் போட்டு, தேவைப்படுபவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அவரைக் கூப்பிட்டேன். "கொண்டு வாங்கக்கா. காத்தோங்ல ஒருத்தவங்க கேட்டு வச்சிருக்காங்க, நாளைக்கே கொண்டுபோய்க் கொடுத்துடலாம்" என்றார். மாலதி என்ற அந்தப் பெண்மணி கேட்டிருந்தது இரண்டே விஷயம்: டைப் செய்ய வேண்டும், ஸ்பீக்கர் நன்றாக இருக்க வேண்டும்.

காலை ஒன்பதரைக்குப் புக்கிட் பாஞ்சாங்கில் டவுன்டவுன் ரயில் தடத்தில் ஏறினேன். லிட்டில் இந்தியாவுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம், இரண்டு வெள்ளிகூட ஆகாது (டாலரை அங்கே வெள்ளி என்பார்கள்). அங்கே தேக்கா சந்தையில் ஒரு தோசையும் இஞ்சி டீயும். தட்டைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்க மறந்துவிடாதீர்கள், கண்டிக்கப் பின்னாலேயே ஆள் வரும். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ரோச்சோர். அங்கே உள்ள எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் பழைய ரேம் கிடைக்கும். கடைக்காரர் என் கணினியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதுபோல் என்னைப் பார்த்தார். பத்து வெள்ளிக்கு ஒரு துண்டு ரேம் கிடைத்தது. மறுபடி அதே ரயில் தடத்தில் ஏறினால் நேராகத் தெம்பனிஸ், மாறவே வேண்டாம்.

நசீர் வேலை செய்யும் இடம் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள திறந்த தளம். வாய்ட் டெக் என்பார்கள். நீளமான இரண்டு மேசைகள், தரையெல்லாம் ஒயர், மேலே மின்விசிறி. லினக்ஸை ஏற்கெனவே பென் டிரைவில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். அதைச் செருகி, கணினியை ஆன் செய்யும்போது எஃப்12 விசையைத் தட்டி, அரை மணி நேரத்தில் நிறுவி முடித்தோம். ஆன் பண்ணிவிட்டுக் குளித்துவிட்டே வரலாம் என்று அண்ணன் அலுத்துக்கொண்ட கணினி, நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் எழுந்து நின்றது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அதிசயம்தான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கணினி எழுந்ததும் எவ்வளவு நினைவகத்தைத் தின்கிறது என்று பார்த்து, அந்த எண்ணை ஒரு வெள்ளைப் பலகையில் எழுதுவார்கள். மிகக் குறைந்த எண்ணுக்கு மற்றவர்கள் கோப்பி, அதாவது நம் காப்பி, வாங்கித் தர வேண்டும். அதனால் நிறுவியதும் குறைக்கிற வேலை ஆரம்பம். புளூடூத் போச்சு. பிரிண்டருக்கானவை போச்சு. அணுகல் வசதிகள் என்று ஒரு தொகுப்பு இருந்தது. "இதெல்லாம் யாரு யூஸ் பண்றா லா" என்று நசீர் அதையும் கழித்தார். நானும் கைதட்டினேன். நூற்று எண்பத்தேழு எம்பி! பலகையில் அதுவே ஆகக் குறைந்த எண். ஸ்பீக்கரில் ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தோம், கணீரென்று இருந்தது. கோப்பியும் வந்தது.

தெம்பனிஸ் பேருந்து நிலையத்தில் பத்தாம் எண் பேருந்தைப் பிடித்தால் காத்தோங் பக்கம் போய்விடலாம், ஐம்பது நிமிடம் வரை ஆகும். மாடியில் முன்வரிசை கிடைத்தால் விடாதீர்கள். இறங்கி, சிலோன் ரோட்டில் பிள்ளையார் கோயிலைத் தாண்டி நடந்தோம். மாலதி அக்கா வீட்டை அடைந்தபோது மணி இரண்டேகால்.

ஐம்பது வயதிருக்கும். கதவைத் திறந்து வரவேற்று, தண்ணீர் கொடுத்து, மடிக்கணினியை வாங்கி மேசையில் வைத்தார். விரல்களால் ஓரத்தைத் தடவி, பவர் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தினார். பிறகு தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்திருந்தார். திரை எழுந்து, நான் ஆசையாக வைத்த நீலப் பின்னணி வந்தது. அவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்.

"இது பேசாதா?" என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவருக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் மென்பொருளுக்காகத்தான் நல்ல ஸ்பீக்கர் கேட்டிருக்கிறார். நாங்களோ கோப்பிக்கு ஆசைப்பட்டு அதை வேரோடு பிடுங்கி எறிந்திருந்தோம். முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நசீர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சொன்னா எல்லாரும் மொதல்ல பாவம்னு சொல்வாங்க தம்பி. அப்புறந்தான் கம்ப்யூட்டர் பேச்சே வரும். எனக்கு வேண்டியது கம்ப்யூட்டர்" என்றார் அவர்.

வங்கியில் வேலை பார்த்தவர், பார்வை போய் ஆறு வருடமாகிறது. பேட்டிகளின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தமிழில் தட்டச்சு செய்து தரும் வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தார். சோதனைக்காக அனுப்பிய இருபது நிமிடப் பதிவை அன்று மாலை ஆறு மணிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். அவருடைய பழைய கணினி இரண்டு நாளுக்கு முன்புதான் உயிரை விட்டிருந்தது. இந்த வேலையும் கைவிட்டுப் போனால் மறுபடி எப்போது வருமோ என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நசீரின் கைப்பேசி இணையத்தில், கழித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டோம். ஒலி வந்தது. ஆனால் தமிழ் எழுத்துகளை ஆங்கிலக் குரல் ஏதோ குறியீடாக உளறியது. அமைப்புகளுக்குள் தேடித் தமிழ்க் குரலைப் பொருத்தினோம். மூன்றேகாலுக்கு அந்தக் கணினி, ஏற்ற இறக்கமே இல்லாமல், மூக்கடைத்த குரலில் "முகப்பு" என்று சொன்னது. மாலதி அக்கா சிரித்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் சிங்கப்பூரில் பார்த்த அதிசயம். அவர் குரலின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். கூரையில் மழை விழுகிற மாதிரி ஆயிற்று. ஒரு சொல்கூட எங்களுக்குப் பிடிபடவில்லை, அவரோ தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பேட்டரி மிச்சமாகும் என்று திரையை முழுக்க அணைத்துவிட்டார். பேட்டியைக் கொஞ்சம் ஓடவிடுவார், நிறுத்துவார், விரல்கள் பறக்கும், மழைக்குரலில் சரிபார்ப்பார். இருபது வருடமாகக் கணினியோடு குடித்தனம் நடத்தும் நாங்கள் இருவரும் கறுத்த திரைக்கு முன்னால் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தோம். ஐந்து நாற்பதுக்குத் தட்டச்சு செய்ததை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, எங்களுக்கு டீ போட எழுந்தார்.

உங்களில் யாராவது இப்படிப் போவதாக இருந்தால் சில விஷயங்கள். கணினியோடு சார்ஜரையும் கேட்டு வாங்குங்கள், எங்கள் நேரத்தில் பாதி சார்ஜர் தேடியே போகும் என்கிறார் நசீர். பழைய படங்களை எடுத்து வைத்துவிட்டு வட்டை முழுக்க அழியுங்கள். பென் டிரைவை ஊரிலேயே தயார் செய்துகொள்ளுங்கள். முக்கியமானது ஒன்று: எதற்குக் கணினி என்று மட்டும் கேட்காதீர்கள், எப்படிப் பயன்படுத்துவீர்கள் என்றும் கேளுங்கள். எடை குறைக்கிறேன் என்று அணுகல் வசதிகளில் கை வைக்காதீர்கள். அவற்றோடு சேர்த்தும் அந்தக் கிழட்டுக் கணினி நானூறு எம்பிக்குள் சமர்த்தாகத்தான் ஓடியது.

இன்னொன்று சொல்ல வேண்டும். நாங்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே மின்னஞ்சல் வந்த ஒலி கேட்டது. திரும்பி உள்ளே வந்தோம். திரை கறுப்பாகவே இருந்தது. மழைக்குரல் எதையோ கடகடவென்று படித்து முடித்தது. நல்ல சேதியா கெட்ட சேதியா என்று தெரியாமல், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்போல நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இருங்க, உங்களுக்கு மெதுவா வைக்கிறேன்" என்றார் மாலதி அக்கா.

வேகத்தைக் குறைத்து மறுபடி ஓடவிட்டார். "அடுத்த ஒலிப்பதிவு திங்கட்கிழமை காலை உங்களுக்கு அனுப்பப்படும்" என்று அந்த மூக்கடைத்த குரல் எங்கள் இருவருக்காகவும் ஒவ்வொரு சொல்லாகப் படித்தது.