கப்பல் புத்தகமும் மணக்கும் ரப்பரும்

போன ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி, என்னுடைய கப்பற்படைப் புத்தகம் ஒன்றின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கப்பல் வரைந்துவிட்டாள். நாலு வயது. கப்பல் என்று அவள் சொன்னதால் கப்பல். எனக்கென்னவோ கத்தரிக்காய் மாதிரிதான் தெரிந்தது. மருமகள் பதறிக்கொண்டு ஓடிவந்து, பக்கத்தில் கிடந்த ரப்பரை எடுத்தாள். பழ வாசனை அடிக்குமே, ரோஸ் நிற ரப்பர், அது. வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், “அழிக்காதே!” என்று கத்திவிட்டேன். மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்து வாட்ச்மேன் வரைக்கும் கேட்டிருக்கும். புத்தகத்தில் விரல் படக் கூடாது என்று ஊரையே விரட்டிய கிழவன் கிறுக்கலைக் காப்பாற்றக் கத்துகிறானே என்று வீடே என்னைத் திரும்பிப் பார்த்தது. “பப்பா கோ க்யா ஹோ கயா?” என்று மகன் மருமகளிடம் ஹிந்தியில் முணுமுணுத்தான். அப்பாவுக்கு என்ன ஆச்சாம். எனக்கு இப்போது ஒன்றும் ஆகவில்லை. ஆனதெல்லாம் இருபது வருஷத்துக்கு முன்னால் ஆனது. சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கப்பலில் போனவன் இல்லை. தாராவியில் பிறந்து வளர்ந்தவன். கல்யாணமான புதிதில் எலிபெண்டா தீவுக்குப் படகில் போனபோது, பாதி வழியில் என் மனைவியின் குடைக்குள் வாந்தி எடுத்தேன். புதுக் குடை. அவள் அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். ஆனால் ஃபோர்ட் பகுதியில் நான் குமாஸ்தாவாக இருந்த ஆபீஸின் மூன்றாவது மாடிக் கக்கூஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு முழம் கடல் தெரியும். சில நாள் அந்த ஒரு முழத்தில் சாம்பல் நிறப் போர்க்கப்பல் ஒன்று நிற்கும். மூக்கு தெரிந்தால் வால் தெரியாது. மீதியைத் தெரிந்துகொள்ளத்தான் புத்தகம் வாங்க ஆரம்பித்தேன். பைத்தியம் என்று ஒன்று பிடித்தால் விடுமா? பத்து வருஷத்தில் அலமாரி நிறைந்து, கட்டிலுக்கு அடியிலும் கடற்போர்தான்.

மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் ஓர் அண்ணாச்சி பழைய புத்தகம் விற்றுக்கொண்டிருந்தார். சாத்தான்குளத்துக்காரர். எனக்கு அவர் வைத்த பேர் கேப்டன். “வாங்க கேப்டன், ஆறு கப்பலு கரை ஒதுங்கிக் கெடக்கு” என்று தூரத்திலேயே குரல் கொடுப்பார். பழைய பேப்பரை எடைக்கு வாங்கும் ரத்திக் கடைகளிலிருந்து அவருக்கு மூட்டை மூட்டையாக வரும். வந்ததும் முதல் காரியமாக, சொந்தக்காரர் பேர் எழுதிய பக்கத்தைச் சர்ரென்று கிழித்துப் போட்டுவிடுவார். “செத்தவன் பேரு இருந்தா வாங்குதவன் யோசிப்பாம்லா கேப்டன்” என்பார். நியாயம்தானே என்று நானும் தலையாட்டுவேன்.

அவர் வழக்கம் அது என்றால் என் வழக்கம் வேறு. புத்தகத்தை அப்படியே அலமாரியில் வைக்க எனக்கு மனசு ஒப்பாது. ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் தரையில் பழைய வேட்டியை விரித்து உட்காருவேன். ஈரம் போகப் பவுடர் தூவி, துடைத்து, மடங்கிய மூலைகளை நிமிர்த்தி, கடைசியில் ரப்பரை எடுத்துப் பென்சில் கோடு ஒன்றுவிடாமல் அழிப்பேன். அதற்கென்றே மகனின் பள்ளிக்கூட டப்பாவிலிருந்து இந்த மணக்கிற ரப்பரைத் திருடி வைத்திருந்தேன். “பெத்த புள்ளையக்கூட நீங்க இப்படிக் குளிப்பாட்டலியே” என்பாள் மனைவி. பெற்ற பிள்ளை ஓரத்தில் கிறுக்கல் போட்டுக்கொண்டா வந்தான்?

அண்ணாச்சி சொன்ன அந்த ஆறு கப்பலும் கெட்டி அட்டை போட்ட ஆங்கிலப் புத்தகங்கள். போர்க்கப்பல்கள், கடற்போர்கள், கப்பல் வாழ்க்கை. பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன். வீட்டில் வந்து திறந்தால், பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பென்சிலால் எழுத்து. அதுவும் தமிழில்! இங்கிலீஷ் புத்தகத்தில் எவன் இப்படித் தமிழில் கிறுக்கி வைத்தான் என்று எனக்கு அப்படி ஒரு எரிச்சல். ஒன்றிரண்டைப் படித்தேன். சிரிப்புக்கூட வந்தது. சிரித்துக்கொண்டே அழித்தேன். ஐந்து ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. வேட்டியில் விழுந்த ரப்பர் துகளை மனைவி பால்கனியில் உதறினாள்.

ஆறாவது ஞாயிறோ ஏழாவதோ, கதவு தட்டப்பட்டது. ஒரு மாமி, அறுபது வயதிருக்கும். கூடவே ஆபீஸ் போகிற வயதில் மகள். வாஷியிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் வந்திருந்தார்கள். ரத்திக் கடையில் விசாரித்துக் கிங்ஸ் சர்க்கிள்வரை போனவர்களுக்கு, “கப்பல் புக்குன்னா ஒரே ஆளுதான்” என்று அண்ணாச்சிதான் என் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார்.

“அங்கிள், தப்பு என்னோடதுதான்” என்று மகள் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தாள். “அப்பா போனதுக்கப்புறம் வாஷிக்கு ஷிஃப்ட் பண்ணோம். அப்பா புக்ஸை நான்தான் ரத்திவாலாக்குப் போட்டேன். சைட்ல என்னமோ எழுதியிருந்துது. எனக்குத் தமிழ் படிக்க வராது அங்கிள். சும்மா கிறுக்கல்னு நெனச்சேன்.”

மாமிக்குப் பூர்வீகம் பாலக்காடு. கணவர் கடற்படையில் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். “எனக்கு இங்கிலீஷ் வராது, அதனால அந்தப் புஸ்தகத்தை நான் தொறந்ததே இல்லை கேட்டேளா” என்றார் மாமி. “அவர் ஆத்துல வாயே தெறக்கமாட்டார். கப்பல்ல என்ன சாப்பிட்டேள், எங்க தூங்கினேள்னு கேட்டா, ‘எல்லாம் சரியா இருந்தது’ம்பார். அவ்வளவுதான். போன வாரம் அவரோட கப்பல்ல இருந்த ஒருத்தர் துக்கம் விசாரிக்க வந்தார். ‘அவன் எல்லாத்தையும் புஸ்தகத்து ஓரத்துல எழுதுவானே, நீங்க படிக்கலையா மாமி’ங்கறார். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கோ?”

இங்கிலீஷ் தெரியாத அம்மா, தமிழ் படிக்கத் தெரியாத மகள். இரண்டும் படிக்கத் தெரிந்த தடியன் நான் ஒருத்தன்தான் அந்த அறையில். எழுந்து போய் ஆறு புத்தகங்களையும் கொண்டுவந்து வைத்தேன். மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் புத்தகத்தைத் திறந்தார். ஓரம் வெள்ளை. புரட்டினார். வெள்ளை. அடுத்த புத்தகம், அதுவும் வெள்ளை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அழிச்சிட்டேன் மாமி” என்றேன்.

மகள் அழ ஆரம்பித்தாள். என் மனைவி சமையலறை வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். மாமி மட்டும் ஒரு பக்கத்தின் ஓரத்தை விரலால் தடவினார். “அழுத்தி எழுதியிருந்தா தடமாவது இருந்திருக்கும். அவர் எதையுமே அழுத்திச் சொல்லமாட்டார்” என்றார். பிறகு, “அழிக்கறதுக்கு முன்னாடி படிச்சிருப்பேளே? என்ன எழுதியிருந்தார்?” என்றார்.

யோசித்தேன். இரண்டுதான் நினைவுக்கு வந்தன. புயலில் கேப்டன் மேல்தளத்தில் அசையாமல் நின்ற வீரத்தைப் புத்தகக்காரர் வர்ணித்திருந்த இடத்தில், ‘கீழே இருந்தவர்களைக் கேட்டால், சாம்பார் வாளி உருண்டதைச் சொல்வார்கள்’ என்று இருந்தது. இன்னோரிடத்தில், ‘எஞ்சின் அறையில் சட்டையைக் கழற்றிப் பிழிந்து, அதையே போட்டுக்கொள்வோம்’. சொன்னேன். மாமியின் முகம் மலர்ந்தது. “சாம்பாரா எழுதியிருந்தார்? அவரேதான்!” என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்புறம்? ஆத்தைப் பத்தி, எங்களைப் பத்தி ஒண்ணும் எழுதலையா?”

இருந்திருக்கலாம். எனக்கு நினைவில்லை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்ததும் என் புத்தி புல் மேயப் போய்விட்டது. “இருந்துது மாமி, ஒரு எடத்துல உங்க பேரே எழுதியிருந்துது” என்றேன்.

மாமி சிரித்தார். ரொம்ப நிதானமாக, “என் பேர் என்ன?” என்றார்.

பேர் எழுதிய பக்கத்தை அண்ணாச்சி கிழித்திருந்தார். வந்தவர்களிடம் பேர் கேட்கும் மரியாதை எனக்கு இல்லை. மேலே இருந்த புத்தகத்தை எடுத்து, அழித்த ஓரத்தில் பேர் இருப்பதுபோலப் புரட்டினேன்.

“போட்டும். அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை” என்று மாமி எழுந்தார். புத்தகங்களை எடுத்துப்போகச் சொல்லிக் கெஞ்சினேன். “வெறும் புஸ்தகத்தை நான் என்ன பண்ண? கப்பல்ல உங்களுக்குத்தானே ஆசை, வெச்சுக்கோங்கோ” என்றார். அதில் ஒரு துளி கோபம் இருந்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். என் மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

நாலு மாதம் போயிருக்கும். லீவு முடிந்து ஆபீஸ் போனேன். மேஜையில் தபால் குவிந்து கிடந்தது. பழையதிலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டும் என்று அடுக்கிவிட்டு, அவசரத்தில் மேலே இருந்த கடைசிக் கடிதத்தைக் கிழித்தேன். அந்த நொடியில் ஞாபகம் வந்துவிட்டது. மூன்றாவது புத்தகம், இடதுபக்க ஓரம், அவருடைய சின்னச் சின்ன எழுத்து: ‘கொச்சியில் ஆத்துக் கடுதாசி மூன்று ஒன்றாகக் கிடைத்தது. பழையதை முதலில் படிக்க வேண்டும் என்று அடுக்கி வைத்தேன். பொறுக்க முடியவில்லை. கடைசியைத்தான் முதலில் பிரித்தேன். சௌக்கியம் என்று இருந்தது. அப்புறம்தான் சாப்பிட்டேன்.’

மாமியின் விலாசம் அண்ணாச்சிக்குத் தெரிந்திருக்கும் என்று அன்று சாயங்காலமே கிங்ஸ் சர்க்கிளுக்கு ஓடினேன். அந்த மழைக்காலத்தில் நடைபாதைக் கடைகளையெல்லாம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அண்ணாச்சி ஊருக்கே போய்விட்டதாகப் பக்கத்துப் பூக்காரர் சொன்னார். மறுநாள் வாஷிக்குப் போய்க் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கினேன். கடற்படைக்காரர் வீடு, தமிழ்க் குடும்பம், புதிதாகக் குடிவந்தவர்கள் என்று ஹிந்தியில் விளக்கினேன். ஒவ்வொரு வாட்ச்மேனும் கேட்டது ஒரே கேள்வி: பேர் என்ன?

அதற்குப் பிறகு ஒரு பென்சில் கோட்டைக்கூட நான் அழித்ததில்லை. அண்ணாச்சி இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். ஆபீஸ் கக்கூஸ் ஜன்னலில் தெரிந்த அந்த ஒரு முழக் கடலையும் புதுக் கட்டடம் ஒன்று மறைத்துவிட்டதாம். பேத்தி கப்பல் வரைந்தது அந்த ஆறில் ஒன்றில்தான். அது அழியாமல் இருக்கட்டும்.

மாமி இருந்தால் எண்பது தாண்டியிருக்கும். அந்த வரியைச் சொல்லாமல் நான் போய்விட்டால் அதுவும் என்னோடு போய்விடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். ஒருமுறை பொய் சொன்னவன்தான். ஆனாலும் மாமி, இது சத்தியம். அவர் கடைசிக் கடுதாசியை முதலில் பிரித்தார். உங்கள் மகளுக்குத் தமிழ் படிக்க வராது. வாஷிப் பக்கம் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.