சாப்பாட்டுக் கூடாரத்தில் ஐக்கா

கிளிமஞ்சாரோவில் சுமை தூக்கப் போகிற பெண்கள் கொஞ்சப்பேர்தான். அதில் ஐக்காவைப் போல வாய் உள்ளவள் ஒருத்திதான். மலையடிவாரத்து மச்சாமே வாசலில் சுமைக்கு ஆள் பொறுக்கும்போது, "ஏம்மா, வீட்ல வாழைக்காய் வேகவைக்க ஆள் இல்லையா?" என்று எவனாவது சீண்டுவான்.

"உன் பொண்டாட்டி வேகவெச்சதத் தின்னுட்டுத்தானே இப்படி ஊதிக் கெடக்க? மூட்டையத் தூக்கிவிடு" என்பாள்.

புருஷன் செத்த வருஷம் மலைக்கு வந்தவள். தலையில் மூட்டை ஏறிவிட்டால் ஆம்பளைகளுக்கு முன்னால் முகாமுக்குப் போய் நிற்பாள்.

மலையில் ஒரு வழக்கம். காசு கொடுத்து மலையேற வருகிற விருந்தாளிகளுக்குப் படுக்கத் தனிக் கூடாரம் உண்டு. சுமைக்காரனுக்குக் கிடையாது. விருந்தாளிகள் தின்று முடித்து எழுந்தபிறகு, மேசை நாற்காலியை மடக்கித் தள்ளிவிட்டு அந்தச் சாப்பாட்டுக் கூடாரத்திலேயே சுருண்டுகொள்ள வேண்டும். அவர்கள் எழுந்திருக்கிறவரைக்கும் வெளியே நிற்கவேண்டியதுதான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் பராங்கோ முகாமுக்குப் போகிற வழியெல்லாம் மழை. பொழுது சாய்ந்து மழை விட்டதும் குளிர் இறங்கியது. நனைந்த சட்டையோடு எல்லாரும் ஒரு பாறையை அண்டி நின்று காலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கூடாரத்துக்குள்ளே விருந்தாளிகள் சாப்பிட்ட மேசையிலேயே சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது.

வழியெல்லாம் லொடலொடவென்று பேசிவந்த சுமைக்காரன் லாசரோ பேச்சை நிறுத்திவிட்டான். நடுக்கம்கூட நின்றுவிட்டது. ஐக்கா அவன் கன்னத்தைத் தட்டிப் பார்த்தாள். போன மழைக்காலத்தில் இப்படிப் பேச்சை விட்டவனைத் துணியில் சுற்றித்தான் இறக்கினார்கள்.

வழிகாட்டி மோஷா சமையல்காரனின் அடுப்படியில் டீயோடு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, அவங்கள எழுப்பிவிடுங்க."

"காசு குடுத்து வந்தவங்கம்மா. எப்படி எழுப்புறது? கொஞ்சம் பொறு."

"லாசரோ பேச்ச விட்டுட்டான்."

"சூடா டீ குடு."

"வாயத் தெறந்தாத்தானே குடுக்க? நானே உள்ள கூட்டிட்டுப் போறேன்."

"உள்ள காலு வெச்ச, இனி உனக்கு எங்கிட்ட மூட்டை கெடையாது. பாத்துக்க."

ஐக்கா பார்த்துக்கொள்ளவில்லை. லாசரோவைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடாரத்து ஜிப்பைச் சர்ரென்று இழுத்தாள். விருந்தாளிகளின் காலுக்கு நடுவே மேசைக்கடியில் பாயை விரித்து அவனைக் கிடத்தினாள். ஈரச் சட்டையை உருவிவிட்டுக் கம்பளியைச் சுற்றினாள். சீட்டு பிடித்த கைகள் அப்படியே நின்றன. மற்றவர்கள் வாசலில் தயங்கினார்கள்.

"என்னடா முழிக்கிறீங்க? சர்ச்சா இது, அமைதியா நிக்க? உள்ள வாங்க!"

விருந்தாளிகளுக்கு என்ன புரிந்ததோ, சீட்டைப் பொறுக்கிக்கொண்டு எழுந்து போனார்கள். ஒருத்தியின் கம்பளித் தொப்பி மேசைமேல் கிடந்தது. மறந்தாளோ, வைத்துவிட்டுப் போனாளோ. ஐக்கா அதை லாசரோ தலையில் மாட்டிவிட்டாள்.

மோஷா வந்து கத்தினான். "மலையில உனக்கு இதுதான் கடைசி!"

"மலை என்ன உங்கப்பன் காப்பித் தோட்டமா? ஜிப்ப இழுத்து மூடுங்கண்ணே, குளிர் வருது."

விடியும்போது, "எவன்டா என் கால்மேல படுத்திருக்கறது?" என்று லாசரோ முனகினான். அதைக் கேட்டபிறகுதான் ஐக்கா கண்ணை மூடினாள்.

மோஷா சொன்னபடியே செய்தான். மற்ற வழிகாட்டிகள் காதிலும் போட்டுவைத்தான். ஐக்கா மச்சாமே வாசலில் வாழைப்பழம் விற்றாள். விற்றுக்கொண்டே ஒவ்வொரு வழிகாட்டியையும் நிறுத்தி, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்பாள்: "சுமைக்காரன் படுக்கிற கூடாரம் எங்க? காட்டு." கூடார அம்மா என்று பட்டப்பேர் வைத்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கூட்டம் நெரிகிற பருவத்தில் ஒரு காலை, மோஷாவுக்கு ஆள் போதவில்லை. வேண்டாவெறுப்பாக அவள் பக்கம் வந்தான்.

"மூட்டையத் தூக்கு."

"கூடாரம் எங்கண்ணே?"

"மேல போய்ப் பாத்துக்கலாம்."

ஐக்கா மூட்டைமேல் சட்டமாக உட்கார்ந்தாள். லாசரோ அவளைப் பார்த்தான். தன் மூட்டையை இறக்கிவைத்து அவனும் உட்கார்ந்தான். அவனைப் பார்த்து இன்னொருத்தன். வண்டிக்குள்ளிருந்து விருந்தாளிகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

மோஷா வாயில் வந்ததையெல்லாம் திட்டிவிட்டு, வாடகைக் கடைக்கு ஆளை ஓட்டினான். கூடாரம் வந்தது. ஐக்கா பையைப் பிரித்துக் கம்புகளை எண்ணிப் பார்த்தாள். துணியில் கிழிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அப்புறம்தான் எழுந்தாள்.

அந்தக் கூடாரத்தை மட்டும் வேறு எவன் தலையிலும் ஏற்ற அவள் விடவில்லை.