கிளெனிஸ் மேற்கோள் காட்டிய புத்தகம்

மெக்கீ பண்ணையின் தபால் பெட்டி வந்ததும் கிளெனிஸ் புரூவெட் பேருந்தை ஓட்டியபடியே தன் பரீட்சைக் கட்டுரையின் முதல் மேற்கோளைச் சொல்வாள். தபால் பெட்டி என்று பெயர்தானே தவிர, அது வாசலில் நிறுத்திவைத்த பழைய ஃபிரிட்ஜ். இரண்டாவது மேற்கோள் இடி விழுந்த யூகலிப்டஸ் மரத்துக்கு. மேட்டில் ஏறி, கோதுமைக் கிடங்கின் நெட்டை உருளைகள் கண்ணில் பட்டதும், “ஆகவே நாடகாசிரியர் இதன் வழியாக உணர்த்த விரும்புவது என்னவென்றால்” என்று தொடங்குவாள். கிடங்கைக் கடப்பதற்குள் அந்தப் பத்தி முடிந்தாக வேண்டும். முன்னால் டிராக்டர் ஏதாவது ஊர்ந்து போனால் அதையே இரண்டாம் தரம் சொல்வாள். பின்னால் வெஜிமைட் தடவிய ரொட்டியைத் தின்றபடி உட்கார்ந்திருக்கும் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கே கட்டுரை பாதி தலைகீழ்ப் பாடம்.

ஆஸ்திரேலியாவின் கோதுமை வட்டாரத்தில் இருக்கும் கூலபின்டிப் பள்ளியின் பேருந்து ஓட்டுநர் அவள். பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு வண்டியைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அதே பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்பில் கடைசி மேசைக்குப் போய்விடுவாள். ஒளிரும் மஞ்சள் மேல்சட்டையைக் கழற்ற மறந்துவிடுவாள். வகுப்பில் யாரும் அதற்குச் சிரிப்பதில்லை; எல்லாருமே அவள் வண்டியில் வந்தவர்கள்தான். நாற்பத்தைந்து வயதில் அவளுக்குத் திடீரென்று படிப்பு மேல் ஆசை வந்துவிடவில்லை. மாவட்ட மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர வேண்டும், அதற்கு ஆங்கிலத்தில் தேறியிருக்க வேண்டும். பதினைந்து வயதில் பள்ளியை விட்டுக் கடற்கரை ஊரில் மீனை டின்னில் அடைக்கும் வேலைக்குப் போனவளிடம் அது ஒன்றுதான் இல்லை.

அந்த வருஷங்களில் மாநிலம் முழுக்க ஆங்கிலப் பரீட்சைக்கு ஒரே கருப்பொருள்: ‘சேர்ந்திருத்தல்’. மனிதன் எதைச் சேர்ந்தவன், யாரோடு ஒட்டுகிறான், ஏன் ஒட்டாமல் போகிறான் என்று இலக்கியத்திலிருந்து காட்ட வேண்டும். கிளெனிஸுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல். “சேர்ந்திருத்தலாம், சேர்ந்திருத்தல். கோந்து விக்கிறவன் எழுதின பாடம் மாதிரில்ல இருக்கு” என்பாள்.

பாடமாக வைத்த நாடகம் போதாது. மாணவர் தானே தேடிப் பிடித்த துணை நூல் ஒன்றும் கட்டுரையில் இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டு அலமாரிகளிலிருந்து நல்ல புத்தகங்கள் வெளியே வரும் என்று விதி செய்தவர்கள் நம்பியிருக்க வேண்டும். பிள்ளைகள் அதைவிடக் கெட்டிக்காரர்கள். “என்ன படிச்சே” என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. “துணை நூலுக்கு என்ன வச்சிருக்கே” என்றுதான் கேட்பார்கள். கதைச் சுருக்கமும் நாலு மேற்கோளும் கிடைத்தால் போதும். முழுக் கட்டுரையையும் முன்கூட்டியே எழுதி உருப்போட்டு, பரீட்சையில் எந்தக் கேள்வி வந்தாலும் அதன் தலையையும் வாலையும் மட்டும் வளைத்துக் கொடுப்பார்கள். கெட்டியாக உருப்போட்டவர்கள் தேறியும் விடுவார்கள்.

படமும் நூல் கணக்கில் சேரும் என்பதால், கிளெனிஸ் துணை நூலுக்கு ஒரு பழைய திரைப்படத்தை வைத்திருந்தாள். அதன் வசனங்களை ஓடைப் பாலத்துச் சாலையில் வரிசையாக நட்டுவைத்திருந்தாள். ஆகஸ்டில் அந்தச் சாலையைத் தோண்டிப் போட்டார்கள். மூன்று வாரம் வண்டி சுற்று வழியில் போயிற்று. மாதிரிப் பரீட்சையில் நாடகத்தை முடித்துவிட்டுத் துணை நூலுக்கு வந்தவளுக்குத் தலைக்குள் தோண்டிய மண்ணைத் தவிர வேறொன்றும் தென்படவில்லை. சுற்றிலும் பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெற்றுத் தாளைக் கொடுக்க மனம் வராமல், ஹெஸ்டர் மங்க்டன் என்பவர் எழுதிய ‘தேநீர் ஊற்றியவள்’ என்ற நாவலைப் பற்றி எழுதத் தொடங்கினாள். அப்படி ஒரு நாவல் இல்லை. அந்தப் பெயரில் எழுத்தாளரும் இல்லை.

கதை இதுதான். கோதுமை ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வரும் ஒருத்தி, ஊர் மன்றத்து விருந்தில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் டீ பாய்லர் பக்கம் போய் நின்றுவிடுகிறாள். அடுத்த விருந்திலும் அங்கேதான். வருஷங்கள் ஓடுகின்றன, எல்லாரும் அவள் கையால் டீ வாங்கிக் குடிக்கிறார்கள், யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. “கையில் வேலை இருக்கும்வரை, நீ ஏன் இங்கே நிற்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை” என்பது அந்த நாவலிலிருந்து கிளெனிஸ் காட்டிய மேற்கோள்.

ஆசிரியர் ஃபெரிஸ் அந்த விடையை வகுப்பில் உரக்கப் படித்தார். நல்ல மனிதர், நாலு பாடம் நடத்துகிறவர், வீட்டில் கைக்குழந்தை வேறு. நாவலைப் பற்றித் தானும் கேள்விப்பட்டிருப்பதாகச் சொல்லிவைத்தார். அன்று மதியமே வகுப்பில் இருந்த ஆறு பிள்ளைகளில் நாலு பேர் தங்கள் துணை நூலைத் தூக்கிப் போட்டுவிட்டு இதற்கு மாறினார்கள். புத்தகத்தை இரவல் தரச் சொல்லி ஒருவர்கூடக் கேட்கவில்லை. மேற்கோள்தான் கேட்டார்கள்.

முதலில் கேட்டவள் டீகன். வகுப்பிலேயே முதல் மாணவி, பேருந்தின் வட்டப் பாதையில் காலையும் மாலையும் கடைசி நிறுத்தம். சிட்னிக்குப் போய்க் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்பது அவளுடைய திட்டம். ஒரு மதிப்பெண் குறைந்தாலும் அந்த இடம் கைநழுவிப் போகும். நிலத்தைப் பற்றி ஒரு மேற்கோள் வேண்டுமென்றாள். கிளெனிஸ் மறுநாள் கொண்டுவந்தாள். குடும்பத்தைப் பற்றி ஒன்று வேண்டுமென்றாள். அதுவும் வந்தது.

விஷயம் அதோடு நிற்கவில்லை. மளிகைக்கடையில் பெண்கள் கிளெனிஸை நிறுத்தி அந்தப் புத்தகத்தில் கடைசியில் என்ன ஆகிறது என்று விசாரித்தார்கள். எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களிடம், கடற்கரையில் இருக்கும் தங்கைக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். அவள் இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. கணவன் ராஸ் இங்கேயே பிறந்தவன், நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். அவனுக்கு ஊரே சொந்தம். அவளை இன்னும் ‘புரூவெட் வீட்டுக்குப் புதுசா வந்தவங்க’ என்றுதான் சொல்வார்கள். யாரும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. பார்த்தால் சிரிப்பார்கள், வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார்கள், அதோடு சரி. ஊர் மன்றத்தில் எந்த விருந்து என்றாலும் டீ பாய்லர் பக்கம் நிற்பது அவள்தான். இப்போது முதல் முறையாக ஆட்கள் அவளிடம் நின்று பேசினார்கள். பொய் என்று தெரிந்தும் அது இனித்தது. என்ன செய்வது, இனிக்கத்தானே செய்யும்.

அக்டோபரில், பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஃபெரிஸ் வகுப்பில் ஒரு சேதி சொன்னார். முந்தின வருஷம் வேறோர் ஊரில் ஒரு மாணவன் இல்லாத புத்தகத்தை மேற்கோள் காட்டி மாட்டிக்கொண்டானாம். ஒருவன் எழுதினால் தப்பிவிடலாம். ஒரே பள்ளியிலிருந்து இரண்டு மூன்று தாளில் வந்தால் திருத்துகிறவர்கள் தேடிப் பார்க்காமல் விடமாட்டார்கள், அந்தப் பள்ளியின் தாள் அத்தனையும் சந்தேகத்துக்குள்ளாகிவிடும் என்றார். யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. கடைசி மேசையிலிருந்து கிளெனிஸ் முன்னால் தெரிந்த தலைகளில் அந்த நாலை எண்ணினாள்.

எதற்கும் “எல்லாம் தானா சரியாப் போயிரும்” என்பது அவள் வழக்கம். டயர் வெடித்தாலும் அதுதான், வண்டி சேற்றில் புதைந்தாலும் அதுதான். அன்று திரும்பும் வழியில் அதைச் சொல்லிப் பார்த்தாள், வாயில் ஒட்டவில்லை. உண்மையைச் சொன்னால் ஊர் பழையபடி சிரித்துவிட்டு நகர்ந்துபோகும். இந்த முறை முதுகுக்குப் பின்னால் சிரிக்கவும் செய்யும். சொல்லாவிட்டால் நாலு பிள்ளைகளின் படிப்பு கெடும். மெக்கீ பண்ணை தாண்டியது, மரம் தாண்டியது, அவள் ஒரு மேற்கோளும் சொல்லவில்லை.

டீகன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். கதவைத் திறக்கும் விசையைத் தொடவில்லை. வண்டியில் வேறு யாரும் இல்லை.

“அந்தப் புத்தகம் கெடையாது கண்ணு” என்றாள்.

“தங்கச்சி இன்னும் திருப்பித் தரலையா?”

“தங்கச்சிகிட்டயும் இல்ல. எங்கயுமே இல்ல. நானா கட்டிவிட்டது.”

எழப்போன டீகன் மறுபடி உட்கார்ந்தாள். “மேற்கோள் எல்லாமா? அந்த நிலத்தப் பத்தினது?”

“அது போன செவ்வாக்கெழமை டயர் மாத்துறப்போ தோணுச்சு.”

டீகன் சிரிக்கவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகே போய் நின்றாள். இந்த ஊரில் பேருந்திலிருந்து இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்லாத பிள்ளை கிடையாது. ஐந்து வயதுக் குழந்தைகூட மழலையில் சொல்லிவிட்டுத்தான் இறங்கும். கதவு திறந்ததும் டீகன் நன்றி சொல்லாமல் இறங்கிப் போனாள். கிளெனிஸ் வண்டியை எடுத்துக்கொண்டு போய் மற்ற மூன்று வீடுகளின் கதவையும் தட்டிச் சொன்னாள். ஃபெரிஸுக்கும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார்.

மறுநாள் காலை டீகன் வீட்டு வாசலில் டீகன் இல்லை. அவள் அம்மா கோரலி நின்றிருந்தாள். இரவு உடையின் மேல் கணவனுடைய கோட்டு, காலில் ரப்பர் பூட்ஸ். பத்தொன்பது வருஷமாக மிஸஸ் புரூவெட், மிஸஸ் புரூவெட் என்று மெல்லப் பேசிய கோரலி. பேருந்துக் கதவு திறந்ததும் படியில் ஏறி நின்றாள். பின்னிருக்கைப் பிள்ளைகள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

“ஏன் கிளெனிஸ், உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? எம்பொண்ணு ராத்திரியெல்லாம் அழுதா. இன்னும் ரெண்டு வாரத்துல அவ எதை வச்சு எழுதுவா?”

கிளெனிஸ் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள்.

“பேசாத. நான் முடிச்சுக்கறேன். அந்தக் கதைய அவ மனப்பாடம் பண்றேன்னு எங்க வீட்டு அடுக்களைல ஒரு மாசமா நடந்துக்கிட்டே சொல்லிட்டிருந்தா. எனக்கே பாடம். டீ ஊத்துறாளாம், யாருமே உக்காரச் சொல்லலையாம். உன்னை அந்த பாய்லர்கிட்டப் போய் நில்லுன்னு யாரு சொன்னா? நீயாத்தானே போய் நின்னே? வந்து உக்காருன்னு ரெண்டு மூணு தரம் கூப்பிட்டேன், ‘இல்ல இல்ல, டீ ஆறிடும்’னே. சரி, கடற்கரைக்காரி, நம்மளோட பேசறது அவளுக்குப் பிடிக்கல போலன்னு விட்டுட்டோம். நீதான் எங்கள வேணாம்னு நிக்கிறேன்னு நெனச்சோம்.”

கிளெனிஸ் கைகளை ஸ்டீயரிங்கிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். இந்த ஊரில் ஒருவரை ஒருவர் இப்படி வாய்விட்டுத் திட்டுவது அக்காள் தங்கைக்குள், நாத்தனாருக்குள்தான் நடக்கும். வெளியாளிடம் புன்னகைதான் செலவழிப்பார்கள். திட்டுவாங்குவது வலித்தது. ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு தப்பியோட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை; கோரலி இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்றிருந்தது.

“சனிக்கெழமை டீகனுக்கு நெட்பால் ஆட்டம் முடிஞ்சதும் வா. ரெண்டு பேரும் உக்காந்து வேற புத்தகம் பிடிங்க. நெசமா இருக்கிற புத்தகம். மத்த மூணு பேரும் வருவாங்க. எல்லாத்துக்கும் நான் ஒருத்தியா சமைக்க முடியாது, உருளைக்கெழங்கு சாலட் நீ பண்ணி எடுத்துட்டு வா. முட்டை நெறையப் போடு” என்றாள் கோரலி. பிறகு பின்னிருக்கைகளைப் பார்த்து, “என்ன வேடிக்கை?” என்று அதட்டிவிட்டு இறங்கிப் போனாள். டீகன் வேலிக்குப் பின்னாலிருந்து வந்து ஏறினாள். வழக்கமான இடத்தில் உட்காரவில்லை, ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்து ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் போகவில்லை. அது சீக்கிரம் போகவும் வேண்டியதில்லை.

அந்த வாரம் கிளெனிஸ் நகராட்சி நூலகத்திலிருந்து ஒரு நாவலை எடுத்துவந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தாள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் துணை நூலை முழுதாகப் படித்தது கூலபின்டியில் அதுவே முதல் தடவையாக இருக்கலாம். “நம்ம புத்தகம் அளவுக்கு இல்ல” என்று ராஸிடம் தொலைபேசியில் சொன்னாளாம்.

சனிக்கிழமை மத்தியானம் கோரலி வீட்டு முன் வண்டியை நிறுத்தினாள். கையில் ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணம் நிறைய உருளைக்கிழங்கு சாலட், கக்கத்தில் நூலகப் புத்தகம். இங்கே பண்ணை வீடுகளுக்கு முன்கதவு ஒன்று உண்டு. பாதிரியாருக்கும் இன்ஷூரன்ஸ்காரருக்கும் துக்கச் செய்தி கொண்டுவரும் போலீஸ்காரருக்கும் அது திறக்கும். கிளெனிஸ் எத்தனை வீட்டுக்குப் போயிருந்தாலும் அந்தக் கதவின் மணியைத்தான் அழுத்தியிருக்கிறாள், துடைத்த கூடத்தில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள். மற்றவர்கள் எல்லாம் பக்கவாட்டில் சுற்றிப்போய், துணி காயும் கொடிக்கு அடியில் குனிந்து, அடுக்களைக் கதவு வழியாக நுழைவார்கள். அங்கே மணி கிடையாது. தட்டினால், யாரோ அந்நியர் வழிதவறி வந்துவிட்டார் என்று எண்ணுவார்கள்.

முன்வாசல் படியருகே அவள் நின்றாள். அடுக்களைப் பக்கமிருந்து பிள்ளைகளின் குரலும், யாரையோ கோரலி கடிந்துகொள்வதும் கேட்டது. கிளெனிஸ் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் போனாள். கொடியில் தொங்கிய ஈரச் சட்டைகளுக்கு அடியில் குனிந்தாள். கதவருகே கழற்றிப் போட்டிருந்த பூட்ஸ்களைத் தாண்டினாள். பிறகு கதவைத் தட்டாமல், திரும்பி நின்று, இடுப்பால் இடித்துத் திறந்தாள்.