சுவரொட்டிக்குப் போய்ச் சேராத சரக்கு

முதல் வலிப்பு எனக்கு ஆம்பூரில், என் சொந்தத் தோல் ஷெட்டில் வந்தது. கண் விழித்தபோது மூக்கருகில் ஒரு செருப்பு. "நம்ம சரக்குதான் மொதலாளி" என்றான் அதைப் பிடித்திருந்த ஷெட் ஆள். நீங்கள் செருப்பு, சாவி எதுவும் தேடாதீர்கள். ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், போதும்.

வேலூரில் இஇஜி (மூளையின் மின்னோட்டத்தைக் கோடாக வரையும் சோதனை) எடுத்து மாத்திரை கொடுத்தார்கள். உடம்பு தேறியதும் நானே நிறுத்தினேன். மூணாங்கிளாஸ் படித்து ஷெட் கட்டியவன், யார் பேச்சையும் கேட்டு வளர்ந்தவனில்லை.

வலிப்பு திரும்பியது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் காய்ச்சல், சளி, ஒரு வாரம் படுக்கை. ரத்தம் கம்மி என்று நானே தீர்மானித்து ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் தின்றேன்.

மகள் ஷீலா ஷெட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள். "ஒரு வருஷம் வலிப்பில்லாம இருந்து காட்டு நைனா. அப்புறம் தரம் பிரிக்க வா."

தோலைத் தரம் பிரிக்கும் அந்த மேசை இல்லாமல் நான் வெறும் ஆள்.

மறுபடி வேலூர். சிவப்பணு எண்ணிக்கை சரியாக இருந்தது.

"அப்போ இன்னா டாக்டரம்மா, ஷெட்டுக்கு ஆளுங்க வந்தும் வேலை நடக்காத மாதிரியா?"

"அப்படித்தான் வெச்சுக்கோங்க. சிவப்பணு மூச்சுக்காத்தை மட்டும் சுமக்கல. எதிர்ப்பொருள் ஒட்டின கிருமியையும் ஏத்திட்டுப் போய் ஈரல்ல, மண்ணீரல்ல எறக்கும். வலிப்புக்காரங்களுக்கு சிவப்பணு கிருமியப் பிடிக்கிற அந்தப் பிடிப்பு கொறையுதுன்னு சில ஆராய்ச்சி சொல்லுது. உங்க காய்ச்சலுக்கு அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். வலிப்புல எச்சில் நுரையீரலுக்குப் போனாலும் காய்ச்சல் வரும். எதுவானாலும் வலிப்பு வராம இருக்கணும். மாத்திரைய நிறுத்தாதீங்க."

"மண்ணீரல்னா?"

"நீங்க தின்னீங்களே, சுவரொட்டி."

"ஆட்டோடது தின்னா உன்னோடது வேலை செய்யுமா நைனா?" என்றாள் ஷீலா.

காலை எட்டு, இரவு எட்டு. ஊரெல்லாம் பேரம் பேசி ஜெயித்த நான் மாத்திரையோடு பேரம் பேசவில்லை. பத்தாம் மாதம் இடது கை கொஞ்ச நேரம் தானாகத் துடித்தது. யாரும் பார்க்கவில்லை. மறைத்திருக்கலாம். ஷீலாவிடம் சொன்னேன். டாக்டரம்மா அளவைக் கூட்டினார். வருஷக் கணக்கு முதலிலிருந்து. வேறொருவன் அழுதிருப்பான். நான் மறுபடி ஒன்றிலிருந்து நாட்களை எண்ணினேன்.

வருஷம் முடிந்தது. சளிகூட அண்டவில்லை. மெஷின் பக்கம் போகாமல் மேசை வேலை மட்டும் செய்யலாம் என்றார் டாக்டரம்மா. ஷீலா சாவியைக் கொடுத்தாள்.

முதல் நாளே சரக்கு எடுக்க ஒருவர் வந்தார். தோலை விரித்து, "இன்னா தரம் பெரியவரே?" என்றார்.

"இருங்க, மணி எட்டு."

வியாபாரத்தில் யாரையும் நிற்க வைக்காதவன் நான். அவர் நின்றார். மாத்திரை போட்டு, சொம்புத் தண்ணீரை மெதுவாகக் குடித்து முடித்துவிட்டு, தோல்மேல் கையை வைத்தேன்.