வஸீர் வேலைக்குப் போன கிறிஸ்துமஸ்

நயீமுக்குப் பிறகு அந்த வீட்டில் வரிசையாகப் பெண்களே பிறந்தார்கள். கடைசிப் பெண்ணுக்கு அவர்கள் அப்பா முந்தஹா என்று பெயர் வைத்தார். 'இதோடு முடிந்தது' என்று அர்த்தம். போதும்பொண்ணு என்று வைப்பது மாதிரிதான். பிற்பாடு அந்தப் பெயருக்காக அவரே வெட்கப்பட்டிருப்பார். அக்காமார்கள் எல்லாரும் கல்யாணமாகி வேறு வேறு ஊருக்குப் போனார்கள், நயீம் உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். அவருக்குக் கண் மங்கியபோது கூட இருந்தது போதும் என்று சொல்லிப் பெயர் வைத்த பெண் ஒருத்திதான்.

அவர் ஹஸ்ரூனிலிருந்து திரிப்போலிக்கு வாடகை வண்டி ஓட்டியவர். வடக்கு லெபனானின் மலைச் சாலைகளிலேயே மோசமான சாலை அது. ஒரு நாள் காலையில் முந்தஹா சாவியை எடுத்துக்கொண்டு போய் வண்டியைக் கிளப்பினாள். முதலில் ஆண்கள் யாரும் ஏறவில்லை. பெண்பிள்ளை கையில் உயிரைக் கொடுத்துவிட்டு மலை இறங்குவதா என்று காபிக் கடையில் பேசிக்கொண்டார்கள். பனிக்காலம் வந்தது. மற்ற வண்டிகள் தூர்ஸா வளைவுகளில் வழுக்கி நின்றபோது அவள் சங்கிலி மாட்டிய சக்கரங்களோடு சாவகாசமாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தாள். அடுத்த பனிக்காலத்தில் அதே ஆண்கள் முன் சீட்டுக்குச் சண்டை போட்டார்கள். எனக்குத் திரிப்போலியில் மருந்துக்கடையில் வேலை. அவள் வண்டியில் இரண்டாவது வரிசை ஜன்னலோரம் எனக்கென்றே ஆகிவிட்டது.

ஒரு தடவை நிச்சயம்வரை போனாள். கல்யாணத்துக்குப் பிறகு வண்டி ஓட்டக் கூடாது என்று மாப்பிள்ளை சொன்னான். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். மறுநாள் காலை எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு அவன் வீட்டு வாசலில் வேனை நிறுத்தினாள். இறங்கிப் போய் மோதிரத்தை அவன் அம்மா கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இஞ்சினைக்கூட அணைக்கவில்லை. கூஸ்பா வரும்வரை வண்டிக்குள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் அவளே, "ஏன், யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

நாய் வந்தது ரொம்பப் பிற்பாடு. கூஸ்பா முக்கில் யாரோ விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சேற்று நிறம், பெரிய உடம்பு, கிழிந்த காது. முந்தஹா வேனை நிறுத்திக் கதவைத் திறந்தாள். காத்திருந்த பயணி மாதிரி அது ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தது. வஸீர் என்று பெயர் வைத்தாள். வஸீர் என்றால் மந்திரி. "சாப்பிடறான், தூங்கறான், முன் சீட்டுல உக்காந்து ஊரைப் பாக்கறான். ஒரு வேலையும் செய்யறதில்ல. வேற என்ன பேரு வைக்கறது?" என்றாள். முன் சீட்டுச் சண்டை அன்றோடு தீர்ந்தது.

அந்த வருஷம் டிசம்பரில் நயீம் குடும்பத்தோடு சிட்னியிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வந்தான். கூட மனைவி கோலெத், மகள் தானியா. முந்தஹா வீட்டுக்கு வெள்ளையடித்தாள், குடிலில் வைக்கப் பயறு முளைக்கப் போட்டாள், கறியும் கோதுமை நொய்யும் இடித்துச் செய்கிற கிப்பேக்கு ஆட்டிறைச்சி சொல்லி வைத்தாள். வந்தவர்களுக்கு வீடு பிடித்தது, குளிர் பிடித்தது, சாப்பாடு பிடித்தது. நாய் வீட்டுக்குள் இருந்ததுதான் பிடிக்கவில்லை. கோலெத் அது படுத்திருந்த அறைக்குள் கால் வைக்கவே மாட்டேன் என்றாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம், முந்தஹா சமையலறையில் இருந்த நேரத்தில், நயீம் நாயைக் கொண்டுபோய் விறகுக் கொட்டகையில் கட்டிவிட்டான். அவள் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனாள், அவிழ்த்தாள், உள்ளே கூட்டிவந்து அடுப்புப் பக்கம் அதன் விரிப்பில் படுக்க வைத்தாள். பிறகுதான் பேசினாள்.

"அண்ணே, உங்களுக்கு என் கட்டிலைக் குடுத்துட்டேன். அண்ணிக்கு அப்பாவோட நாற்காலியைக் குடுத்துட்டேன். இவன் இடத்தை மட்டும் கேக்காதீங்க. அது என்னுது இல்ல, குடுக்கறதுக்கு."

நயீம் முகம் சிவந்தது. கோலெத்தான் நடுவில் புகுந்தாள். கெட்ட மனசு இல்லை அவளுக்கு. சண்டைக் காலத்தில் பெய்ரூத்தில் சின்னப் பெண்ணாக ரொட்டி வாங்கப் போவாளாம். ஆளில்லாத தெருக்களில் நாய்கள் கூட்டம் கூட்டமாகத் திரியுமாம். ரொட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறாளாம், பல தடவை. முந்தஹா அதைக் கேட்டாள். எழுந்து, நாயின் விரிப்பை இழுத்து அடுப்புக்கு அந்தப்புறம் போட்டாள். கோலெத் அன்றைக்கு முதல்முதலாக அந்த அறையில் வந்து உட்கார்ந்தாள், கால் இரண்டையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் பூசை முடிந்து அக்கம்பக்கத்தார் எல்லாரும் அங்கே சாப்பிடக் கூடினோம். மேஜையில் மிக்லி வந்தது. பிள்ளை பிறந்த வீட்டில் கிண்டும் அரிசிமாவுக் களி, மேலே பாதாமும் தேங்காயும் தூவியது. அந்த நேரம் பார்த்து நயீம் அரக் சாராயக் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

தங்கையைத் தன்னோடு கூட்டிப்போக எல்லா ஏற்பாடும் செய்துவிட்டதாகச் சொன்னான். இதுதான் தன் கிறிஸ்துமஸ் பரிசு என்றான். "இனிமே பனியில வண்டி ஓட்ட வேண்டாம். ஒத்தையில உக்காந்து சாப்பிட வேண்டாம். எங்க வீட்டுல அவளுக்குன்னு ஒரு ரூம் இருக்கு."

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். முந்தஹா மிக்லித் தட்டுகளை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக்கொண்டே போனாள். நாயை என்ன செய்வது என்று கேட்டாள். தெருநாய்தானே, யாராவது வைத்துக்கொள்வார்கள் என்றான் நயீம்.

"பண்டிகை முடியட்டும் அண்ணே. யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.

எனக்குப் பழைய மோதிரம் ஞாபகம் வந்தது. கைதட்டியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

மறுநாள் விடியற்காலையில் தூக்கம் கெட்டு எழுந்த நயீம் சிகரெட் பிடிக்க வெளியே வந்தான். வஸீர் பின்னாலேயே வெளியே வந்ததைக் கவனிக்கவில்லை, திரும்பி உள்ளே போனபோது கேட்டையும் சாத்த மறந்துவிட்டான். அன்று வேன் ஓடாத நாள். அது மனிதர்களுக்குத்தானே தெரியும். வஸீர் வேன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். கிளம்புகிற நேரம் தாண்டியும் யாரும் வரவில்லை என்றதும் தனியாகவே கிளம்பிவிட்டது.

முந்தஹா திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தாள், பனியில் கீழ்நோக்கிப் போன கால்தடத்தைப் பார்த்தாள். "வேலைக்குப் போயிட்டான்," என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தாள். அவள் முகத்தில் பதற்றமே இல்லை. பதறினவன் நயீம்தான். வேண்டுமென்று திறந்துவிட்டதாக நினைத்துவிடாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நினைக்கவில்லை, ஏறு என்றாள். அடுப்பில் இருந்த கிப்பேயை தானியா பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். ஆச்சரியம், கோலெத்தும் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். கேட்டைத் திறந்துபோட்டது தன் புருஷன், தான் வீட்டில் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது என்றாள். என் வாசலில் ஹாரன் அடித்து என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

தீமானில் கோயில் வாசலில் நின்றவர்களே வேனை மறித்தார்கள். நாய் விடிந்ததும் போனது, யாரையும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை என்றார்கள். சொல்லிவிட்டு விடவில்லை, காபி குடிக்காமல் போகக் கூடாது என்றார்கள். நயீமை யாரென்று விசாரித்து, முந்தஹாவின் அண்ணன் என்றதும் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்கள்.

தூர்ஸாவில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் குழந்தையோடு ஓடிவந்தாள். பனியில் ரோடு அடைபட்டிருந்த சமயம் வலி எடுத்து, இதே வேனில் ஆஸ்பத்திரிக்குப் போனவள் அவள். முந்தஹா அத்தை காலைப் பிடித்துக்கொள் என்று குழந்தையைத் தள்ளிவிட்டாள். ஒரு தட்டு மிக்லியைக் கோலெத் மடியில் வைத்தாள். அதற்கு அடுத்த வளைவில் இன்னொரு தட்டு. கோலெத் மடி கொள்ளாமல் என் மடியிலும் வைத்தார்கள்.

"இவங்கெல்லாம் உன் வண்டியில வர்றவங்களா?" என்று நயீம் கேட்டான்.

"சில பேரு ஏறவே மாட்டாங்க. அவங்க மருந்து மட்டும் ஏறும்."

அது நிஜம். அந்த மருந்துகளைக் கட்டிக் கொடுப்பது நான்தான். கூஸ்பாவில் நடக்க முடியாத ஒரு அம்மாள் ஜன்னலைத் திறந்து, அபூ காலிதின் காய்கறி லாரியில் நாய் ஏறிப் போனதைக் கண்ணால் பார்த்தேன் என்றாள். போகிற போக்கில் நயீமைப் பார்த்து, "இவ்வளவு நாளா எங்கப்பா இருந்தே?" என்று கேட்டாள். அவன் சிட்னி என்றான். அது அவளுக்குப் பதிலாகத் தோன்றவில்லை போலிருக்கிறது, முந்தஹாவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

திரிப்போலியில் முஸ்லிம்கள்தான் அதிகம், அங்கே அன்று வேலை நாள். வேன் நிலையத்தில் வழக்கமான கூச்சல். ரொட்டிக்கடை வாசலில் வஸீர் நிமிர்ந்து உட்கார்ந்து, வந்து நிற்கிற வேன்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அபூ காலித் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"வா, உம்மு வஸீர்," என்றார்.

எங்கள் ஊர்களில் பெண்ணை மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, இன்னாருடைய அம்மா என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம். பிள்ளை இல்லாத முந்தஹாவுக்குத் திரிப்போலிக்காரர்கள் வைத்த பெயர் அது. கோலெத் சிரித்துவிட்டாள். ஊருக்கு வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"நீ பின்னாடியே வருவேன்னுதான் நினைச்சேன்," என்றார் அபூ காலித். "லாரியை நிறுத்தினதும் இவனே ஏறி முன் சீட்டுல உக்காந்துட்டான். என் மச்சான் பாவம், முட்டைக்கோஸ் மேல உக்காந்து வந்தான்."

ரொட்டிக்கடைக்காரர் எள் ரொட்டிகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "உனக்குப் பண்டிகை, நீ லீவு எடுத்துக்கிட்டே. இவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?" என்று கண்டித்தார். பண்டிகைக்குத் தன் பங்கு என்று ரொட்டிப் பொட்டலத்தையும் கொடுத்தார்.

திரும்பக் கிளம்பும்போது வஸீர் முன் கதவுப் பக்கம் போய் நின்றது. சீட்டில் நயீம் உட்கார்ந்திருந்தான். நாய் குரைக்கவில்லை, உறுமவில்லை, அவனையே பார்த்துக்கொண்டு நின்றது. முந்தஹா ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு எதிரே பார்த்தபடி இருந்தாள். நயீம் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

தூர்ஸா ஏற்றத்தில் கியரை மாற்றிவிட்டு அவள் சொன்னாள்: "அண்ணே, நேத்து கேட்டதுக்கு இப்பவே சொல்லிடறேன். நான் வரலை."

"உனக்கும் வயசாகுது. நாளைக்கு விழுந்தா யாரு தூக்கறது?"

"காலையிலேருந்து எத்தனை வீட்டுல காபி குடிச்சீங்க?"

"எண்ணலை."

"அவங்க தூக்குவாங்க."

நயீம் ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டான். அவனுக்குக் கோபமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். தங்கையைத் தனியாக விட்டுவிட்டுப் போனோமே என்று அத்தனை வருஷம் சுமந்து வந்தவன், அதை இறக்கி வைக்க இடம் இல்லாமல் உட்கார்ந்திருந்தான். மடி நிறையத் தட்டுகளோடு இருந்த கோலெத்தான் பேசினாள்.

"குடி வர வேண்டாம். விருந்தாளியா வா. போய்த் திரும்பி வர்ற டிக்கெட்டா எடுத்துத் தரச் சொல்றேன்."

"அது நல்ல பேச்சு அண்ணி," என்றாள் முந்தஹா.

வீட்டில் தானியா கிப்பேயைக் கருக்கி வைத்திருந்தாள். அழுகிற நிலையில் இருந்தாள். கருகின அடிப்பாகத்தைச் சுரண்டி வஸீருக்குப் போட்டுவிட்டு, மீதியை எல்லாரும் சாப்பிட்டோம். வழியில் வந்த மிக்லி இரண்டு நாளைக்குக் காணும் போலிருந்தது. நயீம் அன்று முழுக்க அதிகம் பேசவில்லை. மறுநாள் தானே எழுந்து போய், வேன் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்ட உதவினான். தப்பாக மாட்டினான். முந்தஹா கழற்றி மாட்டினாள். அப்புறம் இருவரும் அப்பாவின் பழைய வண்டியைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்ததை என் வீட்டிலிருந்தே கேட்டேன்.

கோலெத்துக்குக் கடைசிவரை நாயைப் பிடிக்கவில்லை. தொட்டதே இல்லை. ஆனால் காலைத் தரையில் ஊன்றி உட்கார ஆரம்பித்திருந்தாள்.

அடுத்த வருஷம் கோடையில் முந்தஹா சிட்னிக்குப் போனாள். வஸீர் எங்கள் வீட்டில் இருந்தது. அவள் ஒன்றுவிட்ட தம்பி வேனை ஓட்டினான். அவன் பக்கத்தில் உட்காரப் பிடிக்காமல் நாய் பின்னால் வந்து என் காலடியில் படுத்துக்கொண்டது. ஒரு மாசம் அங்கே இருந்துவிட்டுத் திரும்பி வந்தவளிடம் ஊரே கேட்டது, எப்படி இருந்தது என்று. அண்ணன் வீடு அழகாக இருக்கிறது, அண்ணி தங்கமாகப் பார்த்துக்கொண்டாள், கடல் நன்றாக இருக்கிறது என்றாள். ஒன்றுதான் அவளுக்குப் புரியவில்லையாம்.

"ரோடெல்லாம் நேரா போயிட்டே இருக்கு," என்றாள். "எப்படித்தான் தூங்காம ஓட்டறாங்களோ."

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு வேன் கிளம்பியது. அன்றைக்கு நான்தான் லேட், ஓடிப்போய் ஏறினேன்.