செங்கோட்டைப் பதிவேடும் இரண்டு பூப்பொட்டலங்களும்

சென்ற ஆண்டு, 1963 ஜூனில், பினாங்கிலிருந்து கப்பலேறித் தென்காசிக்குப் போனேன். அருவியில் குளிப்பதற்காக அல்ல. எட்டு வயதுப் பெண் ஒருத்தியைத் தத்தெடுத்துக் கூட்டிவர. இதே காரியமாக ஊருக்குப் போக எண்ணும் சில குடும்பங்கள் என்னிடம் விவரம் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. தனித்தனியே பதில் எழுதுவதைவிட ஒரே கட்டுரையாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நேரமும் கட்டணமும் என் குறிப்பேட்டில் உள்ளபடி.

பெண்ணின் பெயர் இசக்கி. அவள் அப்பா நான் தலைமையாசிரியையாக இருக்கும் பள்ளியில் பியூன். அவருக்கு எழுதத் தெரியாது. ஆறு வருடம் அவருடைய கடிதங்களை நான்தான் எழுதினேன். ஊரிலிருந்து வந்தவற்றை நான்தான் படித்துச் சொன்னேன். மனைவி இறந்த செய்தியையும் அப்படித்தான் அவருக்குப் படித்தேன். பிறகு அவரும் காய்ச்சலில் போய்விட்டார். இசக்கிக்குப் பல் விழுந்தது, தட்டம்மை வந்தது எல்லாம் எனக்குத் தெரியும், முகம்தான் தெரியாது. எனக்கு வயது நாற்பத்தெட்டு, திருமணம் செய்துகொள்ளவில்லை. இப்போதைய சட்டப்படி தனித்த பெண்ணும் தத்தெடுக்கலாம் என்றார் வக்கீல். சட்டப் புத்தகத்தை வாங்கி நானும் சரிபார்த்துக்கொண்டேன்.

நாகப்பட்டினத்தில் இறங்கி, திருநெல்வேலி வந்து, காலை ஏழு மணிச் செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினேன். தென்காசிக்கு நாற்பத்தைந்து மைல், இரண்டரை மணி நேரம். எதிரே உட்கார்ந்திருந்த புளியங்குடி எலுமிச்சை வியாபாரி, கேட்காமலேயே எச்சரித்தார்: “தத்தா? கடைசி நாளு வரைக்கும் சரி சரின்னுதான் சொல்லுவாவ அம்மா. கையப் புடிச்சுக் குடுக்கணுங்கும்போது பாருங்க வேடிக்கைய.” அவரை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன்.

தென்காசியில் கோயிலுக்கு அருகே அறை எடுத்தேன். கோபுரம் உச்சி இல்லாமல் பிளந்து நிற்கிறது. வாசலில் காற்று முதலில் ஆளை வெளியே தள்ளும். நாலடி உள்ளே வைத்தால் முதுகைப் பிடித்து உள்ளே தள்ளும். இரண்டையும் சோதித்துப் பார்த்தேன், உண்மைதான். அங்கிருந்து குற்றாலம் மூன்று மைல், பஸ்ஸில் பதினைந்து நயா பைசா.

இசக்கியை வளர்த்தவள் அவள் அத்தை செண்பகம். அப்பாவின் அக்கா, கணவனை இழந்தவள், பிள்ளை இல்லை. சீசனில் பேரருவிக்குப் பெண்கள் போகும் வழியில் நல்லெண்ணெயும் சீயக்காய்த் தூளும் விற்கிறாள். நான் போய் நின்றபோது, “எண்ணெயா, தூளா?” என்று கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “டீச்சரம்மாவா? போட்டால இருக்கத விட ஒசரமா இருக்கியளே!” பக்கத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் குரங்கிடமிருந்து தூள் பொட்டலங்களைக் காத்துக்கொண்டிருந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். மறுபடி குரங்கைப் பார்த்தாள். அதுதான் இசக்கி.

காகிதங்கள் அன்றே தொடங்கின. அத்தையைக் கார்டியனாக நியமித்த உத்தரவு முன்பே வாங்கியாகிவிட்டது. இனி அவள் குழந்தையைத் தத்துக் கொடுக்கத் திருநெல்வேலிக் கோர்ட்டின் அனுமதி வேண்டும். அதற்குப் பிறப்புப் பதிவின் நகல் வேண்டும். இசக்கி பிறந்தது தென்காசிக்கு ஐந்து மைல் மேற்கே செங்கோட்டையில், 1955இல். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சியைச் சேர்ந்தது. மறு வருடம் நவம்பரில்தான் நம் ராஜ்யத்துக்கு வந்தது. ஊர் வந்துவிட்டது, அந்த வருடப் பதிவேடு வரவில்லை. “அது கொல்லத்துல கிடக்கும்” என்றார் குமாஸ்தா. குரலில் வருத்தமே இல்லை.

கொல்லத்துக்கு ரயில் மலையைக் குடைந்து போகிறது. வழி மிக அழகு என்கிறார்கள். நான் மடியில் வைத்திருந்த காகிதக் கட்டைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். அங்கே நான்கு நாள் காத்திருந்து நகல் வாங்கினேன். மலையாளத்தில் இருந்தது; தேதி, மலையாளக் கணக்கில் கொல்லம் ஆண்டு 1130, மிதுனம். அதோடு எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டி, 1955 ஆனி என்று பென்சிலால் சரிபார்த்தேன். மொழிபெயர்ப்புக்கும் முத்திரைக்கும் இன்னும் சில நாள். எல்லாக் குமாஸ்தாக்களையும் சந்தேகப்பட்டேன். ஒருவர்கூட லஞ்சம் கேட்கவில்லை. அது என் சந்தேகத்தை அதிகப்படுத்தியது.

ஜூலை பத்தாம் தேதி அனுமதி கைக்கு வந்தது. பதினெட்டாம் தேதிக் கப்பலுக்கு இரண்டு டிக்கெட் போட்டிருந்தேன். பாக்கி ஒன்றே ஒன்று: கொடுப்பவர் குழந்தையைக் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டும், எடுப்பவர் வாங்க வேண்டும். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அந்த ஒரு காரியத்தை எந்த ஆபீசும் முத்திரை குத்தி நடத்திவிட முடியாது.

செண்பகத்திடம் சொன்னேன். எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “அம்மன்கிட்ட பூக்கட்டிப் பாக்கணும். வெள்ளை வந்தா நானே கையில புடிச்சுத் தாறேன். செவப்பு வந்தா மாட்டேன்.”

“கோர்ட்டே சொல்லிவிட்டதே?”

“கோர்ட்டா வளத்துச்சு?”

தெரியாதவர்களுக்கு: ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ வைத்து இலையில் மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை என்றால் சம்மதம். எனக்கு உடனே எலுமிச்சை வியாபாரி ஞாபகத்துக்கு வந்தார். மாட்டேன் என்று சொல்ல இதைவிட மரியாதையான வழி உண்டா?

வெள்ளிக்கிழமை, ஆனி மாதத்துக் கடைசி வெள்ளி. இலஞ்சிப் பாதையில் ஒரு சிறிய அம்மன் கோயில். சாரல் பெய்துகொண்டிருந்தது. செண்பகத்தின் கூடையை எட்டிப் பார்த்தேன்: முழுக்கச் செவ்வரளி. ஒரு வெள்ளை இதழ்கூட இல்லை. இரண்டு பொட்டலத்திலும் சிவப்புதான் போகப்போகிறது என்று முடிவு செய்தேன்.

“பொட்டலத்தை நான் கட்டுகிறேன்” என்றேன்.

செண்பகம் திடுக்கிட்டாள். “நீங்க என்னத்துக்கு டீச்சரம்மா? ஒங்களுக்கு இதுல நம்பிக்கையே கெடையாதே.”

“அதனால்தான். பாரபட்சம் இருக்காது.”

பூசாரி சிரித்தார். “கெட்டட்டும் தாயீ. படிச்சவுக நல்லா மடிப்பாவ.” கோயில் நந்தியாவட்டைச் செடியில் நானே ஒரு பூப் பறித்தேன். கூடையிலிருந்து ஓர் அரளி. ஒரே அளவு வாழையிலை, ஒரே மாதிரி மடிப்பு, ஒரே நீள நார். எனக்கே தெரியாதபடி கண்ணை மூடிக் குலுக்கி அம்மன் காலடியில் போட்டேன். பரீட்சைத் தாள்களைக்கூட அவ்வளவு நேர்மையாக நான் மடித்ததில்லை.

இசக்கி எடுத்தாள். பூசாரி பிரித்தார். செவ்வரளி.

“அப்பம் நான் போவ வேண்டாமா அத்தை?” என்று இசக்கி கேட்டாள். சந்தோஷமா வருத்தமா என்று அந்தக் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. மணியடிக்கப் பூசாரி அவளை உள்ளே கூப்பிட்டார்.

அவள் நகர்ந்ததும் செண்பகம் இடுப்பு மடியை அவிழ்த்துக் காட்டினாள். கை நிறைய நந்தியாவட்டை. சிவப்பு ஒன்றுகூட இல்லை. “கூடையில இருந்தது அம்மனுக்கு மாலை கெட்ட. இந்தா இருக்கு பாருங்க ஒங்களுக்கு. ரெண்டுலயும் வெள்ளைதான வச்சிருப்பேன்! கெடுத்துட்டியளே.”

“பிறகு எதற்குப் பூ? நேரடியாகக் கொடுத்திருக்கலாமே?”

“எனக்குப் பொறவு இவளுக்கு யாரு இருக்கா? குடுக்கணும்னு நான் எப்பமோ முடிவு பண்ணியாச்சு. ஆனா நாளைக்கு அந்தூர்ல ராத்திரி அழுதான்னு வைங்க. அத்தை தள்ளிவிட்டுட்டான்னு நெனைக்கக் கூடாதுல்லா? அம்மன் அனுப்புச்சுன்னு இருக்கணும்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “இப்பம் அவ கண்ணால செவப்பப் பாத்துட்டா. இனி நான் புடிச்சுக் குடுத்தா அம்மன மீறுன மாதிரி.”

பூசாரி வழக்கத்தைச் சொன்னார்: அடுத்த வாரம் ஆடி பிறந்துவிடும். ஆடியில் கேட்கக் கூடாது. ஆவணி முதல் வெள்ளிக்கு மறுபடி கேட்கலாம். மூன்றாவது முறை கிடையாது. என்னிடம் இருந்த மலாயா நுழைவு அனுமதியோ ஆகஸ்டு முடியும் வரைதான் செல்லும். அப்போதும் சிவப்பு என்றால் எல்லாக் காகிதமும் வீண். கப்பல் டிக்கெட்டைத் திருப்பினேன். கொல்லம் பதிவேட்டுக்குக்கூட எட்டு நாள்தான் போயிற்று. என் நேர்மைக்கு நாற்பத்திரண்டு நாள்.

அந்த நாட்களில்தான் நான் குற்றாலத்தைப் பார்த்தேன். தினமும் ஒன்பது மணி பஸ்ஸில் போவேன். ஐந்தருவியில் இசக்கி என் கையைப் பிடித்து இழுத்து நீருக்கடியில் நிறுத்தினாள். மூச்சு முட்டி நான் கத்தியதைக் கேட்டு முதல் தடவையாகச் சிரித்தாள். சீயக்காய் எடை போட நான் கற்றுக்கொண்டேன். “டீச்சரம்மா நிறுத்தா ஒரு இம்மி கூடுதல் வராது” என்று செண்பகம் வாடிக்கைக்காரிகளிடம் என்னைக் குறை சொன்னாள். இரவில் மட்டும் பழைய புத்தி வரும்: மடியில் இருந்த வெள்ளைப் பூவும் ஒரு நாடகமாக இருந்தால்?

ஆகஸ்டு இருபத்து மூன்று, வெள்ளி, காலை எட்டு மணி. அதே கோயில். செண்பகம் பொட்டலம் கட்ட உட்கார்ந்தபோது நான் எழுந்து வாசலுக்குப் போய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு நீண்ட இரண்டு நிமிடம் எனக்கு வாய்த்ததில்லை.

வெள்ளை. இசக்கியின் கையைச் செண்பகம் என் கையில் வைத்தாள்; பிறகு தன் கையை எடுக்கச் சற்று நேரம் ஆயிற்று. பிரிக்காத மற்றப் பொட்டலத்தையும் என்னிடமே தந்தாள். “வேணும்னா பாத்துக்கிடுங்க.” வழியில் இருந்த வாய்க்காலில் அதை விட்டேன்.

கப்பலில் மூன்றாம் நாள் இசக்கி கேட்டாள்: “அந்த இன்னொரு பொட்டலத்துல என்ன பூ இருந்துச்சு?” சிவப்பு என்றேன். சரிபார்க்காமல் நான் சொன்ன முதல் தகவல் அது. இந்தக் கட்டுரையைப் படிக்கும் வயது வரும்போது, அத்தை ஏன் அப்படிச் செய்ய நினைத்தாள் என்பதும் அவளுக்குப் புரியும்.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை. எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுங்கள். 1956 நவம்பருக்கு முன் செங்கோட்டையில் பிறந்த குழந்தை என்றால் நேரே கொல்லத்துக்குப் போய்விடுங்கள். ஆடி மாதத்தை நாட்கணக்கில் சேர்க்காதீர்கள். குடை வேண்டும், காகிதங்களுக்கு எண்ணெய்த் துணி உறை அதைவிட முக்கியம். கோயிலுக்கு அழைத்தால் போங்கள். பூவைக் கட்டுகிறவர்கள் கட்டட்டும். அந்த நேரத்தில் பார்ப்பதற்கு அங்கே மலை இருக்கிறது.